வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே மூக்கு

நரம்பு டாக்டர் என் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது இல்லை. அந்த வலது கை அவர் கண் எதிரிலேயே தொடைமேல் கிடந்து, இல்லாத பீடி ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, "வாசனை எப்போலேர்ந்து தெரியலை?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சாவு வீட்டிலேயே நாலு பேரைச் சிரிக்கவைத்து அடி வாங்கப்பார்த்தவன் நான். ஆஸ்பத்திரியில் சும்மா இருப்பேனா?

"கை ஆடுதுன்னு கூட்டிக்கினு வந்தா மூக்கைப் புடிக்கறீங்களே சார்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை, அவர் சிரித்தே வெகுநாளாகிவிட்டது. நடுக்குவாதம் வந்ததிலிருந்து அவர் முகம் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டிபோல மடிப்பு கலையாமல் இருக்கிறது. அவர் மெதுவாக யோசித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில், "அது போயி பல வருசம் ஆச்சு சார்" என்றார்.

"சில பேருக்கு மூக்குதான் முதல்ல போகும். கை அதுக்கு ரொம்ப அப்புறம்தான் ஆடும்" என்றார் டாக்டர்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குத் திரும்பும் பஸ்ஸில் இதையும் ஒரு ஜோக்காக்கி, பக்கத்து சீட்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அது அண்ணனைப் பற்றிய பேச்சு. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அண்ணன் மூக்கு ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் பேர்போன மூக்கு. இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் நிலத்துக்கும், கூப்பிட்டவர்கள் நிலத்துக்கும் பூச்சிமருந்து அடித்திருக்கிறோம். மருந்து டப்பாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார். ஒரு மூச்சு இழுத்து, "இது தண்ணி கலந்த மாலு" என்பார், இல்லையென்றால் "இது கேக்கும்" என்பார். நாற்றம் அடித்தால்தான் நல்ல மருந்து என்பது எங்கள் சாஸ்திரம். அழுகின பூண்டு நாற்றம் என்றால் அது முதல் தரம். கலக்குவதற்குக் குச்சி வெட்டச் சோம்பல்; பக்கெட்டில் முழங்கைவரை கையை விட்டுச் சுற்றுவோம். முதுகில் தொங்கும் டேங்க் ஒழுகும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலுக்கு அது சுகமாகக்கூட இருக்கும்.

முடித்ததும் இரண்டு காரியம் செய்வோம். வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து வரப்பில் நடுவோம். மருந்தடித்த வயல், மாடு விடாதே, புல் அறுக்காதே என்று அர்த்தம். அது ஊருக்கெல்லாம் தெரிந்த அடையாளம். பிறகு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வோம். விஷம் இறங்கிவிடுமாம். மூளையைக் காக்கும் மருந்தென்று எங்கள் வம்சம் கண்டுபிடித்தது அதுதான். மாட்டுக்கு வேப்பங்கொத்து, மனுசனுக்கு வெல்லம். யோசித்துப்பார்த்தால் மாட்டுக்குத்தான் நல்ல பாதுகாப்பு கொடுத்திருக்கிறோம்.

என் மூக்கு விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். என் வீட்டுக்காரி சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படி தாண்டும்போதே கத்தினாள்.

"யோவ்! கேஸ் தொறந்து கெடக்குது! ஊரே நாறுது, நீ இன்னா பொணமா?"

ஓடிப்போய் அடைத்தாள். ஜன்னலையெல்லாம் திறந்தாள். எனக்கு ஒரு நாற்றமும் இல்லை. காற்று எப்போதும்போல வெறும் காற்றாக இருந்தது.

"சளி புடிச்சிருக்குது" என்றேன்.

"சளியா? நேத்து கூட நல்லாத்தான இருந்த?"

"இன்னிக்கிப் புடிச்சிது. சளி இன்னா சொல்லிட்டா வரும்?"

அவள் போனதும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெருங்காய டப்பாவில் மூக்கை விட்டேன். காப்பித்தூளில் விட்டேன். கருவாட்டுப் பானைக்குள் தலையையே விட்டேன். செத்த மீன்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தன. வாசனை மட்டும் வரவில்லை. தலையை வெளியே எடுத்தபோது கூடத்தில் அண்ணன் நடக்கிற சத்தம் கேட்டது. அவர் கால் தூக்கி வைப்பதில்லை. செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு சர்ர்... சர்ர்... என்று வரும். அந்தச் சத்தம் அடுப்படிக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கருவாட்டுப் பானையும் கையுமாக.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. பேய் என்றால் அண்ணன்தான். உயிரோடு, பகலில், நாற்காலியில் உட்கார்ந்து நாஷ்டா தின்கிற பேய். அண்ணி செத்துப்போனபிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு முன்னால் போய், போகிற வழியெல்லாம் அடையாளம் போட்டுவைத்த ஆள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கவேண்டியது நான்தான் என்று தோன்றியது.

டீ கிளாஸை உள்ளங்கையில் வைத்து நீட்டி, டீ அலைகிறதா என்று பார்ப்பேன். உற்றுப்பார்த்தால் எந்த டீயும் அலையும். வரப்பில் நடக்கும்போது பின்னால் சர்ர் என்று கேட்டுத் திரும்பிப்பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள், என் லுங்கிதான் புல்லில் உரசியிருக்கும். முகம் கஞ்சி போட்ட வேட்டி ஆகிவிட்டதா என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினேன். பல்லைக் காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், கண்ணடித்தேன். ஒருநாள் கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குயா இந்த சிங்காரம்?"

"ஒனக்குத்தான்."

"எனக்கா? இந்த மூஞ்சிய கல்யாணத்தன்னிக்கே பாத்துட்டேன். போ, மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். அதனால் யாரிடமும் சொல்லாமல் போனிடம் சொன்னேன். மூளை என்று தட்டினால் போதும், போன் நம்மை விடாது. மூளை அணுக்கள் வேலை செய்யும்போது உள்ளே தீப்பொறி மாதிரி கழிவு பறக்குமாம். அது அணுவையே சுடுமாம். இரும்பு துருப்பிடிப்பது மாதிரிதான் என்றார் வீடியோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். விஷமருந்து உள்ளே போனால் பொறி அதிகமாகப் பறக்குமாம். அதை அணைக்கிறதுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட். உடம்பே குளூட்டதயோன் என்று ஒன்றைச் செய்துகொள்கிறதாம்; நடுக்குவாதக்காரர்களின் மூளையில் அது குறைந்துபோய்க் கிடக்கிறதாம். மிச்சத்தை மஞ்சளும் நெல்லிக்காயும் வல்லாரையும் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சத்தியம் செய்தார். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன்.

வெறும் வயிற்றில் மஞ்சளும் மிளகும். மீசை மஞ்சளாகிப்போய், டீக்கடையில் "இன்னா நைனா, பொண்ணுக்குச் சடங்கா, ஒனக்கா?" என்று கேட்டார்கள். அப்பால நெல்லிக்காய்ச் சாறு. அது குடலுக்குள் போய்த் தனி விசாரணை நடத்தியது. முருங்கைக்கீரை, எள்ளு, கறிவேப்பிலைத் துவையல். ஒரு பொட்டலம் வால்நட் வாங்கிப் பரணில் ஒளித்துவைத்தேன். அது பார்க்கவே சின்ன மூளை மாதிரி இருந்ததால் தின்னும்போது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது வல்லாரை. எங்கள் வயலை ஒட்டின கால்வாய்க்கரை ஈரத்தில் அது தானாகப் படர்ந்து கிடக்கிறது, யாரும் சீண்டாமல். சின்னச் சின்ன வட்ட இலை, ஒவ்வொன்றும் ஒரு காது மாதிரி. தினமும் வயலிலிருந்து திரும்பும்போது ஒரு கைப்பிடி பறித்துக் கால்வாய்த் தண்ணீரில் அலசி அப்படியே மெல்லுவேன். கசக்கும். கசந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்றம் அடித்தால் நல்ல மருந்து என்ற பழைய சாஸ்திரத்தின் தம்பி இது.

நவரைப் பட்டத்து நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. இப்போதெல்லாம் யாரும் டேங்க் சுமப்பதில்லை. போன் பண்ணினால் ட்ரோன் வருகிறது. நான் தூரத்தில் புங்கமரத்தடியில் நின்று பார்த்தேன். அது ஒரு பெரிய தும்பிபோல ஏறி இறங்கி, மருந்தைப் பனிமாதிரி தூவிக்கொண்டே போனது. என் கையில் ஒரு சொட்டு படவில்லை. முதுகு நனையவில்லை. ட்ரோன்காரர் பேட்டரியை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மனசெல்லாம் நிம்மதி. விஞ்ஞானம் வந்து என் மூளையைக் காப்பாற்றிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் வழக்கம்போலக் கால்வாய்க்கரையில் உட்கார்ந்து வல்லாரை பறித்தேன். அன்றைக்குத் தோள்துண்டு நிறைய. என் வீட்டுக்காரி அவள் அம்மாவைப் பார்க்கச் சாலவாக்கம் போயிருந்தாள். துவையல் அரைத்து அண்ணனுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

வரப்பில் வேப்பங்கொத்து இல்லை. கொத்து நடுகிறவன் டேங்க் சுமந்தவன். டேங்க் போனதும் கொத்தும் போயிருந்தது. கை நனையாததால் வயலில் மருந்து விழுந்தது என்பதே என் உடம்புக்குத் தெரியவில்லை. மூக்கு சொல்லியிருக்கும், இருந்திருந்தால்.

துவையல் நன்றாக வந்தது. மிளகாயும் புளியும் உப்பும் வைத்து நானே அரைத்தேன். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டு, அண்ணனுக்குப் பிசைந்து, உருட்டிக் கையில் கொடுத்தேன். அவர் கை ஆட ஆட, வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"இன்னாடா இது, கசக்குது?"

"மூளைக்கு நல்லதுணா. துரு புடிக்காது."

"எனக்கு இனிமே புடிக்கறதுக்கு இன்னா கீது?"

"எனக்குக் கீதே" என்று வாய்வரை வந்தது. சோற்றோடு விழுங்கினேன்.

நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பையை வைத்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். மிக்ஸி ஜாரை எடுத்து மூடியைத் திறந்தாள். அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"இன்னாங்க இது?"

அவளுக்கு நான் எப்போதும் "யோவ்"தான். "இன்னாங்க" என்று மரியாதை வந்துவிட்டால் வீட்டில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் அப்பா செத்ததை அப்படித்தான் சொன்னாள்.

"வல்லாரைத் தொவையல்" என்றேன்.

"மருந்து நாத்தம் கொடலப் புடுங்குதுங்க. ரெண்டு பேரும் இதைத் துன்னீங்களா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அசையாத அந்த முகத்தில் கண் மட்டும் அசைந்தது. ஜாரிலிருந்து என் மூக்குக்கு வந்து, அங்கேயே நின்றது. அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் மூன்று பேர், மூக்கு ஒன்று. அது இத்தனை நேரம் சாலவாக்கத்தில் இருந்திருக்கிறது.

பிறகு நடந்தது ஒரே பேஜார். வெல்லம் தின்னலாம் என்று நான் டப்பாவைத் தேடினேன். அவள் டப்பாவைப் பிடுங்கி வீசிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். எனக்கு வாந்தி வருகிறதா என்று கேட்டபோதெல்லாம் வந்தது. அண்ணனுக்கு ஒன்றும் வரவில்லை. டியூட்டி டாக்டரம்மா சின்னப் பெண். என்ன சாப்பிட்டீர்கள், ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மூளையைக் காப்பாற்ற என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார்.

"மருந்தடிச்ச கீரையை, மூளைக்காக?"

"ஆமாம்மா. நாத்தம் தெரியலை."

"ரெண்டு பேருக்குமே தெரியலையா?"

பதில் சொல்ல வேண்டியவன் நான். எதிரில் என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கேஸ் திறந்து கிடந்த காலையும், என் சளியும், கண்ணாடிச் சிரிப்பும், மஞ்சள் மீசையும் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து உட்காருவதைப் பார்த்தேன்.

நல்லவேளையாக வயிறு கெட்டதோடு போனது. சாயந்திரம்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமே அவள் என்னை அந்தக் காஞ்சிபுரம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார். கையை மடக்கி நீட்டினார். நடக்கச் சொன்னார், என் வாழ்க்கையில் அவ்வளவு கம்பீரமாக நான் நடந்ததில்லை, காலை முட்டிவரை தூக்கிவைத்து, சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி. "சாதாரணமா நடங்க" என்று அதட்டினார்.

"இப்போதைக்குக் கை, நடை எல்லாம் சரியாதான் இருக்கு" என்றார் கடைசியில். "மூக்கு போனதுக்கு ஆயிரம் காரணம் உண்டு. காய்ச்சல், சைனஸ், வயசு. நீங்க அடிச்ச மருந்தாவும் இருக்கலாம். இதை வச்சு உங்களுக்கு அது வரும்னும் சொல்ல மாட்டேன். வராதுன்னும் சொல்ல மாட்டேன்."

"மூளைக்குப் பாதுகாப்பா எதுனா குடுங்க சார். அந்தக் குளூட்டதயோன் மாத்திரை?"

"வாயில போடறதெல்லாம் மூளைக்குப் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு காவல் இருக்கு. அது எதை விடும் எதை விடாதுன்னு இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. நல்லா சாப்பிடுங்க, நடங்க. மருந்து பக்கம் போகாதீங்க. அதுதான் என்கிட்ட இருக்கற பாதுகாப்பு."

எனக்கு எங்கள் ஏரி மதகு ஞாபகம் வந்தது. நல்ல தண்ணீர் வேண்டும் என்று நிற்கும்போது பலகை ஏறாது. வேண்டாதது எந்தச் சந்தில் கசிகிறது என்று யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் என் மதகு எதையெதை விட்டிருக்கிறது? வெல்லத்தைக் கண்டிப்பாக விட்டிருக்காது.

கிளம்பும்போது டாக்டர் ஒரு பழக்கம் சொன்னார். தினமும் காலையில் நாலு வாசனையை மெதுவாக முகர்ந்து பழக வேண்டும். சிலபேருக்கு மூக்கு திரும்பி வந்திருக்கிறதாம்.

அதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பூஜை. நாஷ்டாவுக்கு முன்னால் அவள் நாலு டப்பாவோடு வருவாள். காப்பித்தூள், பெருங்காயம், ஓமம், ஏலக்காய். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது?"

"பெருங்காயம்."

"இது?"

"ஏலக்கா."

எல்லாம் சரியாகச் சொன்னேன். காது இருக்கிறதே. பெருங்காய டப்பா மூடி கீச்சென்று கத்தும். ஏலக்காய் உருளும், ஓமம் மணல்போலச் சரியும், காப்பித்தூள் சத்தமே போடாது. ஒவ்வொரு நாளும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. திரும்பவும் "யோவ்" வந்தது. அந்த "யோவ்"வுக்காக எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒருநாள் அவள் உள்ளே போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நானும் உங்க அண்ணிகிட்ட அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

"எப்டி?"

"வாசன வருதுன்னு. அவ போற வரைக்கும் அப்டியே நெனச்சிக்கினு போயிட்டா."

கை தொடைமேல் பீடி சுருட்டிக்கொண்டே இருந்தது. நான் ஒரு ஜோக் தேடினேன். வாயில் ஒன்றும் அகப்படவில்லை.

போன வாரம் ஒரு காலை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். டப்பா மூக்குக்குக் கீழே வந்தது. கீச் இல்லை, உருளவில்லை, சரியவில்லை. சத்தமில்லாதது காப்பி என்று வாய் திறக்கப்போனேன். அப்போது அது வந்தது.

நிஜமாகவே வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூக்குக்குள் ஒரு வாசனை ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அழுகின பூண்டு. முதுகு ஜில்லென்று நனைந்தது. முழங்கைவரை பக்கெட்டுக்குள் கை. வெயில்.

"காப்பி" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் இருந்தது கழுவிக் கவிழ்த்துவைத்திருந்த புது எவர்சில்வர் டப்பா. காலி.

"ஒண்ணுமே இல்லீங்க இதுல" என்றாள். "ங்க" வந்துவிட்டது. "இத்தினி நாளா என்கிட்ட பொய்யா சொன்னீங்க?"

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் இன்னும் போகவில்லை. எதிர் நாற்காலியிலிருந்து அந்தக் கிணற்றுக்குரல் வந்தது.

"டேய். ஒனக்கும் அழுவின பூண்டா?"

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஜோக் சொல்லவும் இருந்தது.

"ஆமாணா" என்றேன்.

"நல்லா வருதா?"

"நல்லா வருது."

"அப்போ மூக்கு வேல செய்துடா" என்றார் அண்ணன்.

அது ஜோக். எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் அவர் சொன்ன ஜோக். முகம் அசையவில்லை, தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது, அது சிரிப்பா நடுக்கமா தெரியவில்லை. நான் என் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். ஆடவில்லைதான். இருந்தாலும்.

அவள் எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டு, "சாப்பிட்டுக் கெளம்புங்க, பத்து மணி பஸ்ஸுக்கு டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். பிறகு அந்தக் காலி டப்பாவுக்கு மூடியைத் தேடி எடுத்து, இறுக்கி மூடினாள். காலி டப்பாவுக்கு எதுக்கு மூடி என்று கேட்டிருக்கலாம்.